முக்கோணம் இல்லாத மலை

ஏற்காட்டில், மலைமேலேயே பிறந்து மலைமேலேயே வளர்ந்த பிள்ளைகளிடம் ஒரு மலை வரையச் சொன்னால், இரண்டு முக்கோணம் போட்டு நடுவில் சூரியனை வைக்கிறார்கள். முக்கோணங்களின் இடுக்கிலிருந்து ஒரு ஆறு கிளம்பி, வளைந்து வளைந்து வந்து, தாளின் கீழ் ஓரத்தில் அகலமாகி முடிகிறது. ஆற்றங்கரையில் ஒரு குடிசை. ஒரு தென்னை. வானத்தில் நாலு காக்கை. 2012இலிருந்து இந்தப் படத்துக்கு நான் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறேன். கும்பகோணத்துப் பிள்ளை வரைந்தாலும் இதே படம்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு மலை என்பது கேள்விப்பட்ட சமாச்சாரம். இவர்களுக்கு?

யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிமையானது. சேலம் பஸ் நிலையத்தில் நின்று பார்க்கிறவனுக்கு மலை ஒரு வடிவம். வானத்தின் மேல் போட்ட விளிம்பு. மலைமேல் இருக்கிறவனுக்கு அது வடிவமே இல்லை. அது தரை. சரிந்த தரை. காலுக்கடியில் இருப்பதை எப்படி முக்கோணமாகப் பார்க்க முடியும்? ஆனாலும் பென்சிலைக் கையில் எடுத்தவுடன் அவர்கள் மலையை விட்டு இறங்கி, அடிவாரத்துக்குப் போய், அங்கே நின்று திரும்பிப் பார்த்துத் தங்கள் மலையை வரைகிறார்கள். யார் அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் என் கேள்வி. பாடப் புத்தகம் என்று சொல்லிவிடலாம். காலண்டர் என்று சொல்லலாம். அதற்கு மேலும் ஏதோ இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

நான் பகுதிநேர ஓவிய ஆசிரியன். 2012இல் தமிழ்நாடு அரசு ஓவியம், உடற்கல்வி, தையல் என்று 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரம் மூன்று அரை நாள் கணக்கில் நியமித்ததே, அதில் ஒருவன். அந்தக் கதை இங்கே வேண்டாம். பகுதிநேரத்தில் ஒரு சௌகரியம் உண்டு என்பதை மட்டும் சொல்லலாம். பள்ளிக்கூடம் உங்களை முழுசாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் வகுப்பில் என்ன செய்கிறீர்கள் என்று யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை. ஓவிய வகுப்பு என்பது கணக்கு வாத்தியார் சிலபஸ் முடிக்காதபோது கடன் வாங்கிக்கொள்கிற நேரம். அவர் வாங்காத நாட்களில் அது என்னுடையது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி பஸ்ஸில் மேலே போகும்போது அந்த 40 நிமிஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டு போவேன்.

2023இல் ஒரு பழைய செல்போனை வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனேன். சிம் கிடையாது. திரையின் மூலையில் விரிசல். காமிரா மட்டும் ஒழுங்காக வேலை செய்யும். எட்டாம் வகுப்பில் 19 பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு ஒரு இரவும் மறுநாள் காலையும் போன் சொந்தம். 10 படம் எடுக்கலாம்; 11ஆவது கிடையாது. தலைப்பு: ‘நான்’. நிபந்தனை: உன் முகம் படத்தில் வரக்கூடாது. மற்றவர் முகம் வேண்டுமென்றால் கேட்டுக்கொண்டு எடு.

முகம் வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் லேடீஸ் சீட்டிலும் பகோடா பாயிண்டிலும் ஏரிக்கரையிலும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். மலையைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்து, வந்ததும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நீட்டிய கையின் நுனியில் போன். அதில் தங்கள் முகம். பின்னால் கொஞ்சம் மலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பிள்ளைகள் ரோட்டோரம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சில சமயம் அவர்களையும் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்துக்கொள்வார்கள். “பத்து ரூபா குடுத்தாங்க சார்” என்று ஒரு பையன் சொன்னான். எந்தெந்த ஊர்களில் எத்தனை போன்களில் அந்தப் பையன் மூடுபனியோடு இருக்கிறானோ!

இப்போது இந்தப் பிள்ளைகள் யார் என்று சொல்ல வேண்டும். அதாவது, யார் என்று எழுதப்பட்டிருக்கிறார்கள் என்று.

அவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து, மூத்தவர் சேர்வராயன் மலையிலும் நடுவர் பச்சைமலையிலும் இளையவர் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. தங்களுக்குள் கவுண்டர் என்று அழைத்துக்கொள்வார்கள். மலையாளி என்பது சான்றிதழில் உள்ள பெயர். கல்லூரியில் சேர்கிறபோது “மலையாளியா, கேரளாவில் எந்த ஊர்?” என்று கேட்கப்படாத பிள்ளை இந்த மலையில் இல்லை. மலையில் இருப்பவனை மலைக்காரன் என்று யார் கூப்பிடுவார்கள்? கீழே இருக்கிறவர்கள்தான். அந்தப் பெயரும் ஒரு முக்கோணம்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885இலிருந்து இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவு நாடாவும் கவராயமும் காமிராவுமாகத் தென்னிந்தியா முழுக்க அலைந்து ஜனங்களை அளந்தார். தலையின் நீளம், அகலம், மூக்கின் நீளம், அகலம். 1909இல் ரங்காச்சாரியின் உதவியோடு 7 தொகுதிகளாக வந்த அவருடைய குலங்கள், குடிகள் பற்றிய நூலை இன்றும் எல்லோரும் புரட்டுகிறார்கள். எனக்கு அதில் அளவுகளைவிட முன்னுரை பிடிக்கும். அளக்க வந்தவரைப் பார்த்து ஜனங்கள் என்ன நினைத்தார்கள் என்பதை வேடிக்கைபோல் சொல்லிக்கொண்டு போகிறார். நீலகிரியில் ஒரு இருளர், உயரம் அளக்கும் கட்டையைத் தூக்குமரம் என்று நினைத்து ஒதுங்கிவிட்டார். சேர்வராயன் மலையின் மலையாளிகளோ, இந்தத் துரை நம் நிலத்தைச் சர்க்காருக்குப் பிடித்துக்கொண்டு நம்மை அந்தமான் தீவுக்கு அனுப்பப் போகிறான் என்று கிலி பிடித்துக் கிடந்தார்களாம். தர்ஸ்டன் இதை அறியாமை என்ற கணக்கில் எழுதுகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த மலையில் நிலம் யார் யார் கைக்கு எப்படிப் போனது என்று பார்த்தால், அளக்க வருகிறவனைக் கண்டு நிலம் போகும் என்று பயந்தவர்கள் புத்திசாலிகள். காமிராவைப் பற்றி இந்த மலையில் செய்யப்பட்ட முதல் விமர்சனம் என்று இதைத்தான் சொல்வேன்.

அதே காலத்து முறை ஒன்று உண்டு. 1869இல் லாம்ப்ரே என்பவர் சொன்னது: மரச் சட்டத்தில் பட்டு நூல்களை 2 அங்குலச் சதுரங்களாகக் கட்டி, அதற்கு முன்னால் ஆளை நிறுத்திப் படம் எடுப்பது. பிறகு கட்டத்தை எண்ணி ஆளை அளந்துகொள்ளலாம். இந்தப் பின்னணியைப் பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா 2000க்கும் 2004க்கும் இடையில் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து செய்த தென்னிந்தியப் பெண்கள் தொடரில் திரும்பக் கொண்டுவந்தார். தானே கட்டங்களுக்கு முன்னால் போய் நின்றார். கூர்மையான வேலை, சிரிப்பும் வருகிறது. ஆனால் கேலி செய்வதற்கு, கேலி செய்யப்படும் பொருளைப் பற்றிப் படித்திருக்க வேண்டும். என் பிள்ளைகளுக்குத் தர்ஸ்டன் யாரென்று தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த கட்டம், போன் காமிராவில் ஒன்பது அறையாக வருமே, அதுதான். அதை அவர்கள் முதல் நாளே அணைத்துவிட்டார்கள். “குறுக்க வருதுங்க சார்.”

19 பிள்ளைகளிடமிருந்து 173 படங்கள் வந்தன. சிலர் பத்தையும் எடுக்கவில்லை. ஒருவன் நாலே நாலு. யார் எடுத்தது என்ற குறிப்பில்லாமல் எல்லாவற்றையும் கலந்து, பள்ளிக்கூடக் கணினித் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டி, இது யார் என்று கேட்டேன். ‘யார் எடுத்தது’ என்றுகூடக் கேட்கவில்லை. ‘யார் இது’ என்றுதான்.

எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. ஒரு கல். ஒரு வேலி. ஈரமான சிமெண்டுத் தரை. அவர்கள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. படம் வந்ததும் பெயரைச் சொன்னார்கள், ஏழெட்டுக் குரலில் ஒரே சமயத்தில். எஸ்டேட் காவல்காரரின் மகன் எடுத்த எல்லாப் படத்திலும் குறுக்கே கம்பி வேலி. நான் முதலில் நினைத்தது, அவன் வெளியில் நின்று உள்ளே பார்க்கிறான் என்று. இல்லை. வீடு எஸ்டேட்டுக்குள்ளே இருக்கிறது. அவன் உள்ளே நின்று வெளியே பார்க்கிறான். முள் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பார்த்தால் தெரியும் என்று சொன்னார்கள். ஒரு பெண் எடுத்தது குடங்களின் வாய். மேலிருந்து, நேராக. ஒன்றன்பின் ஒன்றாக, பச்சை, நீலம், ஆரஞ்சு, அடிபட்ட எவர்சில்வர். அவளுக்கு முன்னால் வரிசையில் இருக்கும் குடங்கள். கடைசிப் படத்தில் அவளுடைய குடம், பாதி நிறைந்து.

அந்த நாலு படப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன், ஆனால் அவன் நினைவில் வந்து நிற்கிறான். நான்கும் சோற்றுத் தட்டு. நான்கிலும் ராகிக் களி. வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். நான்கும் ஒரே தட்டு அல்ல என்று பிறகு யாரோ கவனித்தார்கள். நான்கு வீடு. அம்மா இறந்த பிறகு அவன் பெரியம்மா வீடு, அத்தை வீடு என்று மாறி மாறிச் சாப்பிடுகிறான். அந்த ஒரு நாளில் அவன் எங்கெல்லாம் சாப்பிட்டானோ அங்கெல்லாம் எடுத்திருக்கிறான்.

இன்னொருவனுக்கு ஒரு கால் கொஞ்சம் சரியில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒன்றரை மைல் ஏற்றம். அவன் படங்களில் இருந்தவை கற்கள். ஏழு கல். சில்வர் ஓக் மரத்தடியில் ஒன்று, மிளகுக் கொடி படர்ந்த பாறையின் நாக்கு ஒன்று, பாலத்துக் கட்டை ஒன்று. அவன் உட்காருகிற இடங்கள். மற்ற பிள்ளைகள் தினம் அதே வழியில்தான் நடக்கிறார்கள். ஓடுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். அந்தக் கற்களில் அவர்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. ஆனால் முதல் கல் திரையில் வந்ததும் அத்தனை பேரும் அவன் பெயரைச் சொன்னார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, வெட்கமா சந்தோஷமா என்று சொல்ல முடியாத ஒரு முகத்தோடு இருந்தான். அந்த முகத்தை யாரும் படம் எடுக்கவில்லை என்பது எனக்கு நிம்மதி.

173 படங்களில் ஒன்றில்கூட முக்கோணம் இல்லை. ஆறு இல்லை. தென்னை இல்லை. பென்சிலைப் பிடித்த அதே கைகள்தான். மலை என்பது படத்தின் கீழ்ப்பாதியில் வலமிருந்து இடமாகச் சரியும் செம்மண், படிக்கட்டு, முட்டு வைத்த பந்தல். எந்தப் படத்திலும் கோடு நேராக இல்லை. போனில் படத்தை நேராக்கும் வசதி ஒன்று இருக்கிறது; விரலால் தொட்டால் போதும். அதைத் தொடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். நேராக்கினால் சேலம் ஆகிவிடும்.

மூடுபனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காமிராவின் ஒளிமானி, எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும் சுபாவம் கொண்டது. பனி வெள்ளையாக இருக்கிறது என்பதை அது நம்பாது, அழுக்குத் துணியாக்கிவிடும். இதை விளக்க வேண்டும் என்று நான் கரும்பலகையில் படம் எல்லாம் போட்டு வைத்திருந்தேன். அதற்குள் ஒரு பெண் கண்டுபிடித்துவிட்டாள்: திரையில் கறுப்பாக இருக்கிற இடத்தை, அவள் விஷயத்தில் மாட்டின் கொம்பை, விரலால் தொட்டால் பனி வெள்ளையாகிவிடும். சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆசிரியனுக்கு இது நல்ல நாள்.

போனுக்கும் அபிப்பிராயங்கள் உண்டு என்பதை நாங்கள் பிறகு கண்டோம். நிபந்தனைக்கு வெளியே, இடைவேளையில் பிள்ளைகள் முகங்களையும் எடுத்துத் தள்ளியிருந்தார்கள், எடுக்காமல் இருப்பார்களா? அந்தப் படங்களில் எல்லோரும் கொஞ்சம் வெளுத்திருந்தார்கள். கன்னங்கள் மாவு பூசினதுபோல். ஒரு பையன் தன் படத்தைப் பார்த்துவிட்டு, “இது எங்க சித்தப்பா பையன் மாதிரி இருக்குங்க சார், திருப்பூர்ல இருக்கான்” என்றான். அழகுபடுத்தும் ஏற்பாடு, வாங்கும்போதே போட்டுக் கொடுத்தது. இது புதிய நோயும் அல்ல. 1950களிலிருந்து கோடாக் கம்பெனி கலர் பிரிண்டுகளைச் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். ஷர்லி என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் உலகம் சரியாக வந்ததாக அர்த்தம். கறுப்புத் தோலைச் சரியாகக் காட்டுகிறோம் என்று கூகிள் கம்பெனி தனியாக ஒரு பெயர் வைத்து விளம்பரம் செய்தது 2021இல். நடுவில் எத்தனை கல்யாண ஆல்பங்கள்!

இன்னொன்று, முகங்களை இனம் பிரித்து அடுக்கும் வேலை. அந்தப் படங்களை என் கணக்கில் ஏற்றியபோது, போன் தானாகவே இது ஒருவர், இது இன்னொருவர் என்று வட்டம் வட்டமாகப் பிரித்து வைத்தது. பெரியப்பா மகளையும் சித்தப்பா மகளையும் ஒரே ஆள் ஆக்கிவிட்டது. எண்ணெய் வைத்த தலையோடும் வைக்காத தலையோடும் இருந்த ஒரு பையனை இரண்டு ஆளாக்கிவிட்டது. வகுப்பில் பெரிய சிரிப்பு. அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. “அவ வேற, நான் வேறங்க சார்,” என்றாள், போனிடம் முறையிடச் சொல்வதுபோல. தர்ஸ்டனாவது நேரில் வந்தார். அவரைப் பார்த்துப் பயந்து ஓடவாவது முடிந்தது.

இந்த இடத்தில் நண்பர்கள் சிலருக்கு ஒரு சந்தேகம் வரும்; எனக்கும் வந்ததுதான். ஏழைப் பிள்ளைகள் கையில் காமிராவைக் கொடுப்பது இன்று ஒரு வகை ஆகிவிட்டது. வெண்டி யூவால்ட் 1989-90இல் குஜராத்தில் விச்சியா கிராமத்தில் இதைச் செய்தார். பொறுமையான, கண்ணியமான வேலை. கல்கத்தாவின் பாலியல் தொழிலாளர் பிள்ளைகளிடம் காமிரா கொடுத்து எடுத்த ஆவணப்படத்துக்கு 2005இல் ஆஸ்கார் கிடைத்தது. அதைப் பார்த்தபோது எனக்குப் பிள்ளைகளைவிட மீட்பரின் முகம்தான் அதிகம் தெரிந்தது. ‘அடையாளம்’ என்ற வார்த்தை தமிழில் கடந்த முப்பது வருஷத்தில் பட்ட பாட்டையும் நாம் அறிவோம். கருத்தரங்கில் அது எல்லோருக்கும் கையில் கிடைக்கிற சுண்டல். நான் இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றையும் மீட்டுக் கொடுக்கவில்லை. எனக்குத் தேவையாய் இருந்தது, அந்த முக்கோணத்தை எப்படிக் கலைப்பது என்பது. அது ஒரு டிராயிங் மாஸ்டரின் பிரச்சினை.

காமிராவை வைத்துக்கொண்டு ‘நான் யார்’ என்று கேட்டுக்கொள்ளும் அவகாசம் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அம்ரிதா ஷேர்கில்லின் தந்தை உம்ராவ் சிங் ஷேர்கில், 1954இல் காலமாகும்வரை, ஏறக்குறைய அறுபது வருஷம் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தார். யோகியாக, படிப்பாளியாக, வெற்றுடம்போடு, தாடி வளர்த்து. அற்புதமான படங்கள். அவரை அதில் யாரும் ‘நீ யார், நிரூபி’ என்று கேட்கவில்லை. கேட்டுக்கொண்டது அவர்தான். இந்த மலையில் போட்டோ என்பது வேறு வழியாக வந்தது. ஒரு வீட்டில் தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் பார்த்தேன். சேலத்தில் ஸ்டுடியோவுக்கு இறங்கிப்போய் எடுத்தது. பின்னால் தொங்கும் சீலையில் ஏரி, மாளிகை, இரண்டு மலை. இரண்டும் முக்கோணம். மலையிலிருந்து இறங்கிப்போய், வரைந்த மலைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள், பயந்த கண்களோடு. அதற்கப்புறம் அந்த வீட்டில் உள்ள படங்கள் எல்லாம் அட்டைகளில் ஒட்டியவை.

அந்த அட்டைகளைத்தான் ஒருத்தி எடுத்து வந்தாள்.

அவளுடைய பத்துப் படமும் காகிதங்கள். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பவை. தாத்தாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், மடித்த இடத்தில் கிழிந்து பின்னால் தாள் ஒட்டியது. ரேஷன் கார்டு. பட்டா நகல். அப்பாவின் சாதிச் சான்றிதழ். ஆதார் அட்டைகள். ஏதோ ஒரு மனுவின் நகல், அதன்மேல் ஒரு ரப்பர் முத்திரை. பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை. கோட்டாட்சியர் நிலையில் விசாரித்துத் தருகிறார்கள். விசாரணைக்கு வருகிறவர்களில் சிலர் வீட்டைப் பார்த்து, டி.வி.யைப் பார்த்து, உடையைப் பார்த்து, ‘மலைசாதி மாதிரியே தெரியலையே’ என்று சொல்வது உண்டு. எந்த மாதிரி தெரிய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. சட்டத்திலும் மாவட்டக் கோடு இருக்கிறது. 1976ஆம் வருஷத்துத் திருத்தப் பட்டியலில் மலையாளிகள் பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், திருச்சி என்று மாவட்டங்களை எழுதினார்கள். கோயமுத்தூரை எழுதவில்லை. 1979இல் கோயமுத்தூரிலிருந்து பிரிந்த ஈரோட்டில் அகப்பட்ட பர்கூர் மலை மலையாளிகள், அதே பெயர், அதே மாதிரி மலை, பட்டியலில் இல்லை. பல பத்தாண்டுகள் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரைபடத்தில் ஒரு கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதில் ஒருவன் யார் என்பது இருக்கிறது. கோடு போடுகிறவர்கள் மலைக்கு எந்த இடத்தில் நின்று பார்த்தார்கள்?

முதலில் அந்தப் படங்களைப் பார்த்தபோது, தலைப்பை அவள் இப்படிப் புரிந்துகொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ‘நான்’ என்றால் சான்றிதழ். அதுவும் ஒரு பதில்தான், கசப்பான பதில். ஆனால் வகுப்பில் திரையில் பெரிதாக வந்தபோது பிள்ளைகள் காகிதத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு காகிதத்தின் மேலும் ஒரு நிழல் விழுந்திருந்தது. வீட்டில் ஒரே ஒரு குண்டு பல்பு, தலைக்கு மேல். கீழே விரித்த காகிதத்தை எடுக்கக் குனிந்தால் தன் நிழல் விழத்தானே செய்யும். பின்னலோடு தலை, தோள், போனைப் பிடித்த இரண்டு முழங்கை. பத்துக் காகிதத்திலும் பத்துவிதமாக. தாத்தாவின் சான்றிதழில் நிழல் முக்கால்வாசி எழுத்தை மூடியிருந்தது. ஒரு ஓரத்தில் தம்பியின் நிழலும் கொஞ்சம்.

“நிழல் விழாம எடுக்கப் பாத்தேன் சார், முடியல,” என்றாள். எதற்கு இதையெல்லாம் எடுத்தாய் என்று கேட்டேன். “தொலைஞ்சு போச்சுன்னா கேப்பாங்கல்ல சார், அதுக்குத்தான்.” தலைப்பைப் பற்றி அவள் கவலைப்படவே இல்லை. ஒரு இரவு வீட்டுக்குக் காமிரா வருகிறது. அதை வைத்துக்கொண்டு உருப்படியாகச் செய்ய வேண்டியது எதுவோ அதைச் செய்தாள். படங்களின் பிரதியை அவள் அப்பாவுடைய போனுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஆசைப்பட்டு யாரும் எடுத்துக்கொண்ட சுயசித்திரம் எதிலும் அந்த நிழலின் பாரத்தை நான் பார்த்ததில்லை.

இந்தக் கட்டுரையோடு அந்தப் படங்களில் ஒன்றிரண்டைப் போடலாமா என்று ஆசிரியர் கேட்டார். ரோலான் பார்த் 1980இல் புகைப்படம் பற்றி எழுதிய புத்தகம், தன் தாயின் சிறு வயதுப் படம் ஒன்றைச் சுற்றியே நகர்கிறது. அந்தப் படத்தை மட்டும் அவர் புத்தகத்தில் சேர்க்கவில்லை. மற்றவர்களுக்கு அது வெறும் ஒரு படம் என்றார். அவருக்கு இருந்தது தத்துவக் காரணம். எனக்கு இருப்பது பன்னிரண்டு இலக்க ஆதார் எண். போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாவட்ட அளவில் ஒரு கண்காட்சிக்கு ஆறு படங்கள் கேட்டார்கள். நடத்தியவர்கள் யார் என்பது வேண்டாம். நல்லெண்ணம் கொண்டவர்கள்தான், அதுதான் சங்கடம். பிள்ளைகள் கூடிப் பேசி, கற்களில் இரண்டு, குடம் ஒன்று, வேலி ஒன்று, களித்தட்டு ஒன்று, நிழல் விழுந்த மனுவில் எண் தெரியாதபடி ஒன்று என்று ஆறு கொடுத்தார்கள். அவை திரும்பி வந்தன. ஒன்றும் விளங்கவில்லை, காகிதப் படத்துக்கு ஜெராக்ஸ் கடை இருக்கிறதே என்று சொன்னார்கள். மொத்தத்தையும் வாங்கிப் பார்த்து அவர்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பெண், கேட்டுக்கொண்டு எடுத்த தன் பாட்டியின் முகம். மூக்குத்தி, சுருக்கம், சிரிப்பு, பின்னால் பனி. நல்ல படம்தான், மறுக்கவில்லை. வாசலிலேயே பெரிதாகத் தொங்கியது. கீழே ‘மலைமகளின் புன்னகை’ என்று அச்சடித்த சீட்டு.

எடுத்த பெண்ணையும் இன்னும் நாலு பேரையும் சேலத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் அந்தச் சீட்டைப் படித்தாள். பிறகு என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டாள். பாட்டியின் பெயரை எழுத வேண்டும் என்றாள். சீட்டு வழவழப்பான தாள், பேனா எழுதவில்லை. பக்கத்து அட்டையில் எழுதலாம் என்று குனிந்தவள் நிமிர்ந்து, இனிஷியல் எதைப் போடுவது, அப்பா பெயரா தாத்தா பெயரா என்று கேட்டாள். பாட்டியையே கேள் என்று என் போனைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் மணி அடித்துப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து, பாட்டியைக் கூப்பிட்டு, இரைச்சலோடு பாட்டியின் குரல் வந்தது.

“இனிசலு எதுக்குடி இப்ப? மறுபடியும் மனுக் குடுக்கணுமா?”

இல்லை ஆயா, சும்மாதான் என்று சொல்லிவிட்டு, பெயரை மட்டும் எழுதினாள்.